காதோடு வந்த தோல்

தப்... தப்... தப்...

சமையலறையிலிருந்து வந்த சத்தம் அது. படுக்கையறையில் தலையணை உறைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த நீபியாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

கதவு தட்டும் சத்தமல்ல. கபித்தான் தன் வாலைத் தரைப்பலகையில் அடிக்கும் சத்தம். பதிமூன்று வயதுக் கிழ நாய் அது. போலீஸ் வந்தாலும் குரைக்கும், பாதிரியார் வந்தாலும் குரைக்கும், மின்சார ரீடிங் எடுக்க வரும் பெண்ணை ஜீப்பை விட்டு இறங்கவே விடாது. ஒரே ஒரு மனிதருக்கு மட்டும்தான் அது குரைக்காது. எழுந்துகூட நிற்காமல், படுத்தபடியே வாலால் தரையைத் தட்டும்.

அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்டு ஐந்து வருடமாகிவிட்டது.

நீபியா எழுந்தாள். கண்ணாடியில் ஒரு நொடி தன்னைப் பார்த்தாள். அறுபத்துநான்கு வயது, காலையில் சீவாத தலை, முழங்கையில் ஓட்டை விழுந்த கம்பளிச் சட்டை. ஐந்து வருடமாக இந்த நாளுக்கென்று ஒரே ஒரு வாக்கியத்தை அவள் தயாரித்து வைத்திருந்தாள். ஆடுகளைப் பட்டியில் அடைக்கும்போதும், பாத்திரம் கழுவும்போதும் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். இப்போது அதில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

சமையலறை வாசலுக்கு வெளியே, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தல்மீரோ நின்றிருந்தார். முன்பெல்லாம் கேட்காமலே உள்ளே வந்து கெட்டிலை அடுப்பில் ஏற்றுவார். இன்று படியைத் தாண்டவில்லை. தலை முழுக்க வெளுத்திருந்தது. அக்குளில் சாக்குத் துணியில் சுற்றிய ஒரு மூட்டை.

"இந்தக் கிழவன் இன்னும் உசிரோட இருக்கானா?" என்றார், நாயைப் பார்த்து.

"அவனும் இருக்கான். நானும் இருக்கேன்."

"தெரியுது, டோன்யா நீபியா." 'அம்மா' என்பதைப் போல மரியாதையான அந்த 'டோன்யா' மட்டும் மாறவில்லை.

"உள்ள வா தல்மீரோ. காத்து அடிக்குது."

அவர் தன் செருப்பைப் பார்த்தார். பிறகு, அந்நிய வீட்டுக்குள் நுழைபவரைப் போல, மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார்.

*

உருகுவேயின் வடகிழக்கு மூலையில், பிரேசில் எல்லைக்குப் போகும் மண்சாலையில் இருக்கிறது அந்த வீடு. சுற்றிலும் புல். கண்ணுக்கு எட்டியவரை புல்லும் கம்பி வேலியும்தான். இருபத்திரண்டு வயதில் வாஷிங்டன் என்ற கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு நீபியா அங்கே வந்தாள். பிள்ளை பிறக்கவில்லை. கணவன் நுரையீரல் நோயில் போனபோது அவளுக்கு மிஞ்சியவை நூற்று நாற்பது ஆடுகள், ஒரு குதிரை, ஒரு நாய்க்குட்டி.

பிறகு தல்மீரோ. அவர் வேலிக்காரர். ஓடைக்கு அந்தப் பக்கம் தகரக் குடிசையில் தனியாக இருந்தார். கம்பம் நட, கம்பி இழுக்க, அந்த வட்டாரமே அவரைத்தான் கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, மழையானாலும் வெயிலானாலும், நீபியாவின் சமையலறைக்கு மாத்தே குடிக்க வருவார். மாத்தே இலையைச் சுரைக்குடுக்கையில் நிரப்பி, வெந்நீர் ஊற்றி, ஒரே உறிஞ்சுகுழலில் இருவரும் மாறி மாறிக் குடிப்பார்கள். மழை நாளென்றால் நீபியா மாவைத் தட்டிக் கொழுப்பில் பொரித்து வைப்பாள். ஆட்டைப் பற்றிப் பேசுவார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள். வேறெதுவும் ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நீபியா துவைத்த ஏப்ரன் கட்டுவாள். அது தல்மீரோவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். சிலருக்கு வாழ்க்கையில் அந்த அளவுதான் கொடுத்து வைத்திருக்கிறது. அதையும் அவர்களே தம் கையால் உடைத்துவிடுகிறார்கள்.

அந்த ஊரில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. பசியில் ஒருவன் அடுத்தவன் ஆட்டை அறுத்துத் தின்றால், அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. ஆனால் தோலைக் காதோடு கொண்டுபோய் ஆட்டுக்காரனின் வேலியில் தொங்கவிட வேண்டும். காதில்தான் அடையாளம் இருக்கிறது. நீபியாவின் ஆடுகளுக்கு வலது காதில் நுனி வெட்டு; இடது காதில் தகைவிலான் குருவியின் வாலைப் போல ஒரு பிளவு. வேலியில் தோலைப் பார்த்தால் வாஷிங்டன், "பாவம், எவனுக்கோ அடுப்பு அணைஞ்சு கிடந்திருக்கு," என்பான். மறுமாதம் யாராவது வந்து கேட்காமலே ஒரு நாள் வேலை செய்துவிட்டுப் போவார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை.

திருடர்கள் வேறு. அவர்கள் தோலை விட்டுவைக்க மாட்டார்கள். காதை அறுத்துக் கிணற்றில் போட்டுவிடுவார்கள்.

கணவன் போன பிறகு அந்தத் திருடர்கள்தான் பெருகினார்கள். இரண்டு வருடத்தில், ஒன்றும் இரண்டுமாக, நீபியா முப்பத்தொரு ஆடுகளை இழந்தாள். அப்போதுதான் பெரிய பண்ணைக்காரர் டோன் ஓலெகாரியோ தன் வண்டியில் ஒரு கட்டுக் காகிதத்தோடும் மைப் பெட்டியோடும் வந்து இறங்கினார்.

"ஆட்டுத் திருடனுக்கு ஆறு மாசமாம்! ஆறு மாசம் உள்ள உக்காந்து சாப்பிட்டுட்டு, கொழுத்து வெளிய வரான். குறைஞ்சது அஞ்சு வருஷம்னு சட்டம் வரணும். ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது. அப்புறம் பாருங்க டோன்யா, ஒரு பய ஓடைய தாண்ட மாட்டான்."

நீபியா அந்தக் காகிதங்களை வாங்கிக்கொண்டாள். வாங்கியது மட்டுமல்ல, குதிரையில் ஏறி வீடு வீடாகப் போனாள். கையெழுத்து, பக்கத்தில் கட்டை விரல் ரேகை. முந்நூற்றுப் பன்னிரண்டு விரல்கள். முதல் விரல், தன்னுடையதற்கும் முன்னால், தல்மீரோவுடையது.

அவர் அன்று சிரித்தார். "திருடன் என்ன, சட்டத்தைப் படிச்சுப் பார்த்துட்டா வரான்? நாய் குரைக்குதான்னு பார்த்துட்டு வரான். பிடிபடுவோம்னு பயம் இருந்தா ஆறு மாசத்துக்கே பயப்படுவான். பிடிபட மாட்டோம்னு தெரிஞ்சா அஞ்சு வருஷம் என்ன, அம்பது வருஷம் என்ன?"

"பெரிய வக்கீல் மாதிரி பேசாத. விரலை நீட்டு."

"நீங்க கேட்டா விரலென்ன டோன்யா, கையையே வெட்டிக் குடுக்கிறேன்," என்றார். மையில் தோய்த்து அழுத்தினார். துடைத்துக்கொள்ள அவள் தன் ஏப்ரன் நுனியைக் கொடுத்தாள். அந்த நீலக் கறை இன்றும் போகவில்லை.

*

சட்டம் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் மழையும் வந்தது. இருபத்தாறு நாள் நிற்காத மழை. மண் இளகி, கம்பம் நட முடியாமல், வேலிக்காரருக்கு வேலை இல்லை. ஓடை பொங்கி இரண்டு ஞாயிற்றுக்கிழமை தல்மீரோ வரவில்லை. மூன்றாம் ஞாயிறு, நனைந்த சாக்குமூட்டையோடு சின்னப் பாலத்தில் நடந்து வந்தவரை ரோந்து வண்டி நிறுத்தியது. மூட்டைக்குள் ஆட்டுத் தோல். காதோடு.

போலீஸ் நிலையத்தில் சார்ஜென்ட் தோலை மேஜையில் விரித்துக் காட்டினார். "உங்க அடையாளம்தானே?"

"ஆமா."

"அறுத்துக்கச் சொல்லி நீங்க சொன்னீங்களா?"

நீபியா திரும்பிப் பார்த்தாள். தல்மீரோ பெஞ்சில் தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். அவர் தலை நிமிரவில்லை. இவனுமா? என்று அவள் நெஞ்சு எரிந்தது. முப்பத்தொரு ஆடும் இவனா? என் சமையலறையில் உட்கார்ந்து என் மாத்தேயைக் குடித்துக்கொண்டே!

"இல்ல. நான் சொல்லல," என்றாள். உண்மைதான். கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் ஒரு வக்கீல் பெண் வந்தாள். சேற்றில் செருப்பு புதைந்து, ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தாள். அவள் இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டாள்.

"டோன்யா, சின்னப் பாலம் எங்க இருக்கு?"

"அவன் குடிசைக்கும் என் வாசலுக்கும் நடுவுல."

"தோல் வாங்குறவன் இருக்கிற டவுன்?"

டவுன் எதிர்ப்பக்கம். விற்கப் போகிறவர் அந்தப் பாலத்தைத் தாண்டவே வேண்டியதில்லை. அவர் டவுனுக்குப் போகவில்லை. இங்கேதான் வந்துகொண்டிருந்தார். இந்த வேலியில் தொங்கவிட.

"அவர் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டார்," என்றாள் வக்கீல் பெண். "பொய் சொல்லத் தெரியல அந்த மனுஷனுக்கு. இது எங்க ஊர் வழக்கம், எனக்குப் புகார் இல்லன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா கேஸ் நிக்காது. இல்லன்னா அஞ்சு வருஷம். ஜட்ஜ் இரக்கப்பட்டாலும் குறைக்க முடியாது. புதுச் சட்டம்."

"நாளைக்கு வாம்மா. எழுதி வைக்கிறேன்," என்றாள் நீபியா. மனதாரச் சொன்னாள்.

ஆனால் விதி என்பது எப்படியெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள்! மறுநாள் விடிந்து அவள் பட்டிக்குப் போனபோது வேலி நான்கு இடத்தில் வெட்டப்பட்டிருந்தது. லாரிச் சக்கரத் தடம். இருபத்திரண்டு ஆடுகள் இல்லை. ஒரு காதுகூடக் கிடைக்கவில்லை. நீபியா சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வக்கீல் பெண் வந்தபோது அவள் கண்ணில் கண்ணீர் இல்லை, நெருப்புதான் இருந்தது.

"எழுத மாட்டேன். திருட்டுன்னா திருட்டுதான். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு."

"அவர் உள்ள இருக்கும்போதுதானே டோன்யா இது நடந்திருக்கு?"

"போ இங்கேருந்து!"

அந்தப் பெண் போய்விட்டாள். அந்தக் கோபம் எட்டு நாள் இருந்தது. ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணிக்கு நீபியா இரண்டு பேருக்கு மாத்தே போட்டுவிட்டு, தான் என்ன செய்திருக்கிறோம் என்று புரிந்து, மேஜையில் தலை வைத்து விழுந்தாள். திங்களன்று பஸ் பிடித்துக் கோர்ட்டுக்கு ஓடினாள். தீர்ப்பு வெள்ளிக்கிழமையே சொல்லியாகிவிட்டது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர், "முன்னாடியே வந்திருக்கலாமே அம்மா," என்றார். அவள் சிறைக்கு ஏழு கடிதம் எழுதினாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

*

ஐந்து வருடத்தில் லாரி மூன்று முறை வந்தது. டோன் ஓலெகாரியோவின் பண்ணையில் ஒரே இரவில் நாற்பது ஆடுகள் போயின. மளிகைக் கடை ஷிர்லே சிரித்தே விட்டாள். "ஒரு ஆட்டுக்கும் அஞ்சு வருஷம், நாப்பது ஆட்டுக்கும் அஞ்சு வருஷம்னா, எந்த மடையன் ஒண்ணோட திரும்பிப் போவான்?"

லாரி அவள் கடை முன்னால்தான் டீசல் ஊற்றிக்கொண்டு போனது என்று ஊருக்கே தெரியும். நீபியா கேட்டாள்.

"நம்பர் பார்த்தியா ஷிர்லே?"

"பார்க்கல டோன்யா. பார்த்திருந்தாலும் பார்க்கல."

"என்னடி பேச்சு இது?"

"முன்னாடின்னா ஆறு மாசம் உள்ள போயிட்டு வந்து என்னை முறைப்பான். ரெண்டு பாட்டில் குடுத்தா மறந்திடுவான். இப்ப அஞ்சு வருஷம்! அவ்வளவையும் மனசுல வெச்சுக்கிட்டு ஒருத்தன் வெளிய வந்தா என் கடையக் கொளுத்த மாட்டானா? நான் ஒருத்தி, புருஷன் பிரேசில்ல. நீங்கதானே வீடு வீடா விரல் வாங்குனீங்க, நீங்களே நின்னு லாரி நம்பரை எழுதுங்க."

நீபியா சர்க்கரையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது அவளிடம் பதினோரு ஆடுகள்தான். வேலியை யாரும் சரிசெய்யவில்லை. வேலிக்காரரைத்தான் உள்ளே அனுப்பியாயிற்றே.

*

தல்மீரோ மூட்டையை மேஜைமேல் வைத்துப் பிரித்தார்.

அதே தோல். விறைத்து, பூச்சி அரித்து, மூலையில் எண் எழுதிய அட்டை கட்டியிருந்தது. வலது காதில் நுனி வெட்டு. இடது காதில் பிளவு.

"சாட்சிப் பொருள் வெச்சிருக்கிற அறையக் காலி பண்றாங்களாம். குப்பையில போடப் போனாங்க. ஆள் தெரியும், நான் குடுத்துடுறேன்னு சொன்னேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். "கிடைச்சதுன்னு இதுல ஒரு கையெழுத்து வேணுமாம்."

பாலத்தில் நின்றுபோன பயணத்தை இந்த மனிதர் ஐந்து வருடம் கழித்து முடிக்கிறார்! அவள் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

அப்போது தல்மீரோவின் கண் மேஜை ஓரத்தில் இருந்த வேறொரு காகிதக் கட்டின்மேல் விழுந்தது. மைப் பெட்டியும் பக்கத்தில் இருந்தது.

"ஓலெகாரியோவா?"

"போன வாரம் வந்தார்."

"இப்ப எத்தனை கேக்குறாரு?"

"பத்து."

"பத்து," என்று தலையாட்டினார். "விரல் வெச்சாச்சா?"

"இல்ல."

"வைங்க, வைக்காம இருங்க. எனக்கு என்ன."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள் நீபியாவின் நெஞ்சில் கத்தியாக இறங்கின. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"உள்ள... அந்த லாரிக்காரங்க யாராவது இருந்தாங்களா?"

"ஒருத்தனும் இல்ல. ஆட்டுக் கேஸ்ல ஒன்பது பேர் இருந்தோம். ஒருத்தன் அடுப்புல சட்டி கொதிக்கும்போது மாட்டினவன். ஒருத்தன் எலும்பை நாய்க்குப் போட்டு மாட்டினவன். மிச்சம் எல்லாம் என்னை மாதிரி, தோலோட வந்தவங்க." இலேசாகச் சிரித்தார். "காதை வெட்டிக் கிணத்துல போடத் தெரிஞ்சவன் எவன் அங்க வரான்?"

நீபியா அந்தக் காகிதக் கட்டை எடுத்தாள். அடுப்புக் கதவைத் திறந்தாள். அணையப்போன கனல்மேல் ஒவ்வொன்றாகக் கசக்கிப் போட்டாள். குப்பென்று பற்றியது. அதன்மேல் கெட்டிலை வைத்தாள். தல்மீரோ பார்த்துக்கொண்டே இருந்தார்.

குடுக்கையில் இலையை நிரப்பும்போது பாதி கீழே சிந்தியது. முதல் குடுக்கை மாத்தே போடுபவருக்கு என்பது வழக்கம்; அவள் குடித்தாள். கசந்தது. இரண்டாவதற்கு வெந்நீர் ஊற்றும்போதுதான் அந்த வாக்கியம் அவள் வாயில் வந்தது. ஐந்து வருடமாக வைத்திருந்ததல்ல, வேறொன்று.

"ஒரு வரிதான் கேட்டா அந்தப் பொண்ணு. நான் எழுதல, தல்மீரோ. நீ எங்க வந்துக்கிட்டிருந்தேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுதல."

அவர் குடுக்கையை வாங்கிக்கொண்டார். நெடுநேரம் அதைக் கையில் வைத்துச் சூடு காய்ந்தார்.

"ரெண்டு வருஷம் கோபம் இருந்துச்சு, டோன்யா. உங்க கடுதாசி வரும்போதெல்லாம் படிக்காம மடிச்சு வெச்சிடுவேன். அப்புறம் கோபப்படவும் சலிச்சுப்போச்சு. அது போனதோட வேற என்னென்னவோ சேர்ந்து போயிடுச்சு. தேடிப் பார்த்தேன். கிடைக்கல."

கபித்தான் எழுந்து வந்து அவர் கால்மேல் தலையை வைத்துக்கொண்டது.

"குடிசை அப்படியே இருக்கு," என்றாள் நீபியா அவசரமாக. "தகரம் ரெண்டு காத்துல போச்சு, நான் மாத்தச் சொல்றேன். வேலி எல்லாம் சரிஞ்சு கிடக்கு. வேலை நிறைய இருக்கு..."

"பார்த்தேன், வரும்போது. மேற்குப் பக்கம் மூணு கம்பம் அழுகிடுச்சு." உறிஞ்சுகுழலை வாயில் வைத்தார். "அக்கா எல்லைப் பக்கம் இருக்கா. அவ மாப்பிள்ளை செங்கல் சூளை வெச்சிருக்கான். அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போகணும்."

சொல்லிவிட்டுக் குடித்தார். அவர் கன்னம் உள்ளே போய் வருவதை நீபியா பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்தே குடிப்பவர்களுக்கு ஒரு முறை உண்டு. குடித்து முடித்துக் குடுக்கையைப் பேசாமல் திருப்பிக் கொடுத்தால், இன்னும் ஊற்று என்று அர்த்தம். நன்றி என்று சொன்னால், போதும், இனி எனக்கு ஊற்றாதே என்று அர்த்தம். முன்பெல்லாம் தல்மீரோ ஏழு, எட்டுக் குடுக்கைவரை அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார். கெட்டில் காலியாகி, வெளியே வெளிச்சம் மங்கும்வரை சொல்லமாட்டார்.

சொல்லாதே, சொல்லாதே என்று அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். ஒரே ஒரு தடவை பேசாமல் கொடு.

குழல் உறிஞ்சி முடிந்த சத்தம் வந்தது. அவர் குடுக்கையை நீட்டினார்.

"நன்றி, டோன்யா நீபியா."

அவள் வாங்கிக்கொண்டாள். குடுக்கை இன்னும் சூடாக இருந்தது.

தல்மீரோ தொப்பியை எடுத்துக்கொண்டார். நாயின் தலையை ஒரு முறை தடவினார். கையெழுத்திட்ட காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். வாசலில், எங்கோ பார்த்தபடி, "அந்தத் தோலை உள்ள வெச்சுக்காதீங்க, பூச்சி பரவும்," என்றார்.

வேலிவரை அவர் நடப்பதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதன் எதிரில் நின்றார். கை அனிச்சையாக அதைத் தூக்கி, ஆணியில் மாட்டியது. பிறகு அவர் திரும்பிப் பார்க்காமல் சாலையில் ஏறினார்.

கபித்தான் கேட்டுவரை ஓடியது. அவர் ஏதோ சொல்லிக் கையை வீசினார். அது அங்கேயே சற்று நின்றது. பின்பு, வழியில் இரண்டு முறை உட்கார்ந்து, மெதுவாக வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அது படியேறி உள்ளே வரும்வரை நீபியா கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு சாத்தினாள்.